ஜோடி பார்த்து வாங்கிய கார்

வீரபாண்டித் திருவிழாவில், பெரிய ராட்டினத்துக்கும் கரும்புச்சாறு மிஷினுக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு துண்டு இடம் கிடைத்திருந்தது. நாலு மூலையிலும் மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருந்தோம். நடுவில் தரையை மட்டம் தட்டி, சாணி போட்டு மெழுகி, களம் மாதிரி ஆக்கி வைத்திருந்தோம். அதன் மேல் சுண்ணாம்பில் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு சிவப்புக் கார்கள். ஒவ்வொன்றும் ஒரு செங்கல் நீளம் இருக்கும்.

ஒரு ரிமோட், என் தங்கச்சி பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் தங்கராசு கையில். இன்னொன்று, பந்தயத்துக்குத் துணிந்து காசு கொடுத்து உள்ளே வந்த பூ வியாபாரி கையில். இரண்டிலும் ஏரியலை முழுசாக இழுத்துவிட்டிருந்தோம். ராட்டினத்துப் பாட்டையும் மீறி நான் ஒன்று, இரண்டு என்று கத்தினேன்.

மூன்று சொல்வதற்குள் பூ வியாபாரி அமுக்கிவிட்டார். அவருடைய கார் ஓடியது. தங்கராசின் காரும் கூடவே ஓடியது.

தங்கராசு என்னைப் பார்த்தார். அவர் விரல் ரிமோட்டின் மேல் படவே இல்லை.

அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இப்போதெல்லாம் எனக்கு முன்னால் நடப்பதே பாடு. பின்னால் போவது அதைவிடப் பாடு. மெதுவாகத்தான் போவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மலை ரோட்டில் ஒரு வளைவு

தங்கராசு ஜீப் டிரைவர். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு விடியக்காலம் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப். உள்ளே இடம் இல்லாமல் பின்னால் தொங்கிக்கொண்டும் ஆட்கள் வருவார்கள். அவர் ஓட்டினால் மடியில் வைத்த கஞ்சி சிந்தாது என்று பெண்கள் சொல்வார்கள்.

ஒரு நாள் இறக்கத்தில், ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தார். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டியை ஒடித்துப் பாறைப் பக்கம் சாய்த்தார். மறுபக்கம் பள்ளம். பிழைத்தவர்கள் எல்லோரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆனால் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாவின் கை தூக்குச்சட்டியை மடியில் பிடித்தது பிடித்தபடி இருந்தது.

பிரேக் போனதற்கு அவர் என்ன செய்வார்? எல்லோரும் அதைத்தான் சொன்னோம். சொல்லச் சொல்ல அவர் இன்னும் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவார். மலைப் பக்கம் திரும்பி உட்காரக்கூட மாட்டார். போடியில் இருந்துகொண்டு மலையைப் பார்க்காமல் இருப்பது என்றால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். சுவரைத்தான் பார்த்தார்.

பேச்சி பருத்தி எடுத்தாள், கடலை உரித்தாள். அது பற்றவில்லை. ஒரு நாள் தேனிச் சந்தைக்கே என்னைத் தேடி வந்துவிட்டாள்.

"அண்ணே, ஏலத்தோட்டத்துக் கங்காணிகிட்டச் சொல்லி வச்சிட்டேன். வீரபாண்டித் திருவிழா முடியவும் நான் மலைக்குப் போயிருவேன். கூலியாளுக இருக்குற லயத்துல வீடு தர்றாகளாம், அங்கனயே தங்கிக்கிடலாம்."

"மாப்பிள்ளை?"

"அவுக வரமாட்டாக. அந்த வளைவைத் தாண்டித்தான போகணும்."

"அப்ப அவரை யாரு பாக்குறது? நீ இல்லாட்டி அந்த ஆளு தண்ணி மோந்து குடிக்க மாட்டாரே ஆத்தா."

"அதான் திருவிழா வரைக்கும்னு சொல்றேன். அதுக்குள்ள எந்திரிச்சு ஒரு சோலி பாக்கட்டும், நான் போகல. பலூன் ஊதி வித்தாலும் சரி. சும்மா சுவரைப் பாத்து உக்காந்திருக்க ஆளை வச்சு நான் எம்புட்டு நாளைக்கு ஓட்ட?"

அவள் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ஆள் ஏறாத வண்டி

அந்த வாரமே ஒரு காரியம் நடந்தது. தங்கராசுக்கு மாத்திரை வாங்கத் தேனி பஜாருக்குக் கூட்டி வந்திருந்தேன். ஒரு ஜவுளிக்கடை வாசலில் கூட்டம். கடை முதலாளியின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த காரை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கயிறு இல்லை, கம்பி இல்லை. கையில் இருந்த பெட்டியை அமுக்கினால் கார் தெருவில் ஓடியது. அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். வீட்டில் டிவி வந்ததே அப்போதுதான், அதுவும் நாலைந்து பேர் வீட்டில்.

அவர் ஓட்டியபோது கார் சாக்கடையிலும் சைக்கிளிலும் முட்டியது. "யாராச்சும் ஓட்டிப் பாக்குறீகளா?" என்று கேட்டார். யாரும் கை நீட்டவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற தங்கராசு நீட்டினார். எனக்கே நம்ப முடியவில்லை.

சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் நடுவே விட்டு, செருப்புக் குவியலைச் சுற்றி, பின்னால் எடுத்து, வாசற்படிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். மலையில் ஜீப்பைத் திருப்புகிற அதே கை. கூட்டம் கை தட்டியது.

திரும்பி நடக்கும்போது அவராகவே பேசினார்.

"ஆளு ஏறாத வண்டி மச்சான். இதுல யாரும் விழமாட்டாக."

அன்றைக்கே முடிவு பண்ணினேன். திருவிழாவில் ரெண்டு கார் வைத்துப் பந்தயம் விடலாம். ஒன்றை அவர் ஓட்டட்டும், மற்றதைக் காசு கொடுத்தவர் ஓட்டட்டும். ஒரு ஜோடி மாடு முடித்துக் கொடுத்த தரகு என் இடுப்பில் இருந்தது.

மூக்கணாங்கயிறு முதல் தீனி வரை

நான் மாட்டுத் தரகன். போன வாரம் இதே பகுதியில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதைப் பற்றிச் சொன்னேன், நினைவிருக்கும். பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. எழுத்துத் தெரியாது, பஸ்ஸின் நிறத்தைப் பார்த்துத்தான் ஊரைக் கண்டுபிடிப்பேன். ஆனால் எதை வாங்கினாலும் பார்த்து வாங்குவேன் என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது.

மதுரையில் ஒரு சந்துக்குள் பாரின் சாமான் விற்கிற கடை. உசிலம்பட்டியில் பஸ் ரிப்பேராகி, வெயிலில் நின்று, இருவரும் வாடிப்போய்ச் சேர்ந்தோம். கடைக்காரத் தம்பிக்குப் பொறுமை ஜாஸ்தி. விலை குறைந்ததிலிருந்து ஒவ்வொன்றாய் இறக்கி வைத்தார்.

"இது ஒயர் வச்சதுண்ணே. ஒயரு எம்புட்டு நீளமோ அம்புட்டுத் தூரந்தான் கூட நடக்கணும்."

"மூக்கணாங்கயிறு போட்டது. வேண்டாம்."

"இது ஒயரில்லாதது. ஆனா ஒரே பட்டன். சும்மா இருந்தா முன்னால போய்க்கிட்டே இருக்கும். அமுக்குனா பின்னால வந்து திரும்பும்."

"விரலை எடுத்தா நிக்காதா?" என்று கேட்டார் தங்கராசு.

"நிக்காதுண்ணே. ஓடிப் பிடிச்சு சுவிட்சை அணைக்கணும்."

தங்கராசு ஓரடி பின்னால் போய்விட்டார். "நிக்காத வண்டி வேண்டாம் மச்சான்."

மூன்றாவதாக வந்ததுதான் அந்தச் சிவப்புக் கார். முன்னால், பின்னால், இடது, வலது, எல்லாம் போகும். விரலை எடுத்தால் நின்றுவிடும். கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரத்தை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன், குளம்பைப் பார்க்கிற மாதிரி. முன் சக்கரம் ஆடாமல் இருந்தது. கடைத் தரையில் ஓடவிட்டு நடையைப் பார்த்தேன். நேர் நடை.

"தீனி என்ன?"

தம்பிக்குப் புரியவில்லை. தங்கராசுதான், "பேட்டரியைக் கேக்குறாரு" என்றார்.

காருக்கு டார்ச் லைட்டில் போடுகிற பெரிய செல் நாலு. ரிமோட்டுக்கு ஒரு சதுர பேட்டரி. தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். திரும்பத் திரும்பக் கரண்ட் ஏற்றிக்கொள்கிற செல்லும், அதற்கு ஒரு பெட்டியும் இருந்தது. "முதல்ல கை கடிக்கும், பின்னால நிம்மதிண்ணே" என்றார் தம்பி. அதை வாங்கினால் ஒரு கார்தான் வாங்கலாம். மாடு வாங்குகிறவன் முதலில் வைக்கோல் போரைப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அன்றைக்குப் போரைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்தேன்.

விலை பேச, பழக்க தோஷத்தில் தோள் துண்டை எடுத்து அவர் கையின் மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துவிட்டேன். சந்தையில் விலை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் விரல்தான் பேசும். தம்பி பதறிப்போனார்.

"என்னண்ணே, கையைப் புடிக்கிறீக?"

"ரெண்டு விரலை விட்டுக்குடு தம்பி."

"விரலையா?"

தங்கராசு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் லேசாகக் குலுங்கியதுபோல் இருந்தது. அந்தத் தம்பியும் நல்லவர், விளக்கிச் சொன்னதும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

ஜோடி என்றால் என்ன

இப்போது அந்தத் தப்பு நடந்த இடத்துக்கு வருகிறேன்.

ஏர் மாடோ வண்டி மாடோ, ஜோடி சேர்ப்பதுதான் தரகனின் சாமர்த்தியம். தனித்தனியாக இரண்டும் ராஜாவாக இருக்கலாம். ஒன்று எட்டி வைத்து, மற்றது குட்டியாய் வைத்தால் வண்டி கோணிக்கொண்டு போகும். நிறம், உயரம், கொம்பு, நடை நாலும் ஒத்துப்போக வேண்டும். ஒரே தாய் போட்ட அண்ணன் தம்பி மாடு என்றால் கேள்வியே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம்.

கடைக்காரத் தம்பி ஒரு சிவப்பையும் ஒரு மஞ்சளையும் எடுத்து வைத்தார்.

"ரெண்டும் சிவப்பாக் குடு தம்பி."

"வேண்டாம்ணே. ஒண்ணு மஞ்சள் எடுங்க. சிவப்பு ரெண்டும் ஒரே பேண்டு."

பேண்டு என்றால் எனக்குத் தெரிந்தது கல்யாணத்துக்கு வாசிக்கிற பேண்டு ஒன்றுதான். தங்கராசைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. ஏதோ ஒரே வகையறா என்று சொல்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரே வயித்துப் பிள்ளைன்னு சொல்றீக. அப்ப அதுதான் வேணும்."

"அண்ணே, ரெண்டும் சேந்து ஓடும்ணே. பரவாயில்லையா?"

"சேந்து ஓடத்தானப்பா ஜோடி."

அவர் என்னையும் பார்த்தார், துண்டையும் பார்த்தார். பிறகு இரண்டு சிவப்பையும் கட்டிக் கொடுத்துவிட்டார். கடையில் ஒன்றை ஓட்டிக் காட்டும்போது மற்றது பெட்டிக்குள் இருந்தது. வீட்டிலும் செல் தீர்ந்துவிடுமே என்று ஒவ்வொன்றாகத்தான் ஓட்டிப் பார்த்தோம். களத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது அந்தத் திருவிழாவில்தான்.

ஒரே பேண்டு என்றால் என்ன என்று பூ வியாபாரி விரல் வைத்த பிறகுதான் விளங்கியது. எந்த ரிமோட்டை அமுக்கினாலும் இரண்டு காரும் கேட்கும். இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கினால் இரண்டு காரும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு நிற்கும்.

நுகத்தடி

கூட்டம் சும்மா இருக்குமா?

"ஏலே, சண்டை போடாம போகுதுகடா, புதுசாக் கல்யாணம் ஆனதுக போல" என்றான் ஒருவன்.

"பந்தயத்துல ரெண்டு பேருமே செயிச்சாச்சு, காசைத் திருப்பிக் குடு" என்றார் பூ வியாபாரி. கொடுத்தேன்.

தங்கராசு ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு, மூங்கிலோரம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முகம் மறுபடியும் சுவரைப் பார்க்கிற முகமாக ஆகிக்கொண்டிருந்தது. தீச்சட்டிக்காரர்கள் வரிசையாய்ப் போன புகையும் வேப்பிலை வாசமும் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் மடக்கிப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் எனக்கு இருந்தது.

சோற்றுச் சட்டியோடு பேச்சி வந்தாள். எங்கள் முகத்தையும் நின்ற கார்களையும் பார்த்தாள். ஒரு ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். இரண்டு காரும் ஓடின. விட்டாள். இரண்டும் நின்றன.

"மாட்டுத் தரகு பண்ற ஆளுதானண்ணே நீ?"

"என்ன இப்ப?"

"ஒரே சொல்லுக்கு ரெண்டும் கேக்குது. இதைப் போயி எதிரெதிர விரட்டிக்கிட்டு இருக்கீக. பூட்டிவிடு."

மூங்கில் சிம்பு ஒன்றை ஒடித்து இரண்டு கார் முதுகிலும் குறுக்கே கட்டினாள். நுகத்தடி. பின்னால் ஒரு அட்டைப் பெட்டியைக் கட்டிவிட்டாள். நான் பொட்டலம் கட்டுகிற நூலில் மூக்கணாங்கயிறு போட்டேன். அட்டையில் வேப்பிலை சொருகி ஆத்தா சப்பரம் ஆக்கினோம்.

"நீங்க வந்து ஓட்டுங்க. எனக்குத் திருப்பத் தெரியல" என்றாள் அவரிடம்.

அவர் எழுந்து வந்தார். இரண்டு சிவப்புக் காரும் ஒரே அடி எடுத்து வைத்து, சப்பரத்தை இழுத்துக்கொண்டு, களத்தை ஒரு சுற்று சுற்றி வந்தன. அவ்வளவு ஒத்த நடையை நான் சந்தையில் பார்த்ததில்லை. கேலி பேசியவர்களே பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். சிலர் சப்பரத்தில் காசு போட்டுக் கும்பிட்டார்கள். அது நாங்கள் எதிர்பார்க்காதது.

தீனி தின்ற கணக்கு

கூட்டம் நாளுக்கு நாள் கூடியது. காரும் நாளுக்கு நாள் கூடச் செல் தின்றது. ஒரு காரில் செல் இறங்கினால் அது பின்தங்கும், மற்றது இழுத்துக்கொண்டு கோணும், சப்பரம் குடை சாயும். ஒற்றைச் செல்லை மாற்றினாலும் ஒத்துவராது, எட்டையும் மாற்ற வேண்டும். சப்பரத்தில் விழுந்தது எல்லாம் செல் விற்கிற கடைக்குப் போனது. மதுரைத் தம்பி சொன்ன நிம்மதி எது என்று அப்போது தெரிந்தது.

தேரன்றைக்கு எங்கள் களத்துக்குப் பின்னால் போலீஸ்காரர்கள் வயர்லெஸ் பெட்டியோடு வந்து நின்றார்கள். ஒரு ஏட்டு அதில் பேச ஆரம்பித்தார். உடனே சும்மா நின்ற இரண்டு காரும் துள்ளின. பேச்சை நிறுத்தினார், கார் நின்றது. திரும்பப் பேசினார், கார் திரும்பத் துள்ளி சப்பரத்தோடு கயிற்றுக்கு வெளியே ஓடியது.

"என்னய்யா இது, நான் வாயைத் திறந்தா உன் காரு ஓடுது?"

"ஐயா சத்தம் போட்டா மனுசனே ஓடுறான். அது காருதான?" என்றார் தங்கராசு.

ஏட்டு சிரித்துவிட்டார். தங்கராசும் சிரித்தார், வாய் விட்டு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பேச்சி நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திருவிழா முடிந்தது. கயிற்றை அவிழ்த்தோம், மூங்கிலைப் பிடுங்கினோம். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்று பேரும் மிகவும் சோர்ந்திருந்தோம், யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. பேச்சி மட்டும் சொன்னாள்: "நான் மலைக்குப் போகத்தான் வேணும்ணே."

ஆற்றில் முகம் கழுவிவிட்டு வந்த தங்கராசு, துண்டால் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் வேலை இருக்குமான்னு கங்காணிகிட்டக் கேளு" என்றார்.

ஜீப் ஏறிய காலை

வழியனுப்பப் போடிக்குப் போயிருந்தேன். தங்கராசு ஜீப்பின் பின்னால், நடுவில், பேச்சியை ஒட்டி உட்கார்ந்தார். மடியில் ஒரு காரும் அதன் ரிமோட்டும் இருந்த அட்டைப் பெட்டி. மற்றதை எனக்கே விட்டுவிட்டார். இரண்டையும் கொண்டு போங்கள் என்றதற்குக் கேட்கவில்லை.

"ஒரே பேண்டுதான மச்சான். நீங்க இங்கன அமுக்குங்க, அங்கன ஓடட்டும்."

கேலிக்குத்தான் சொன்னார். ஒரு தெரு முனை தாண்டினால் எடுக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஜீப் கிளம்பியபோது அவர் உதடு வெளுத்திருந்தது. அந்த வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு பேச்சியின் கையைப் பிடித்தவர், மேட்டுக்குப் போய்ச் சேரும் வரை விடவில்லையாம்.

நான் காரைப் பரணில் போட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன். சந்தை, அலைச்சல், முழங்கால் வலி. கொஞ்ச மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் செல் உள்ளேயே ஒழுகி, தகடெல்லாம் பச்சை பூத்து அரித்துக் கிடந்தது. ரிமோட்டும் அப்படித்தான். மறுபடி பரணில் போட்டேன்.

அடுத்த சித்திரைக்கு இருவரும் சாமி கும்பிட இறங்கி வந்தார்கள். மலைக் குளிரில் பேச்சியின் கன்னம் வெடித்திருந்தது. தங்கராசு கொஞ்சம் சதை போட்டிருந்தார். அவர் டீ வாங்கப் போன நேரத்தில் பேச்சி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, மழைக்காலத்துல ஒரு நாளு, வேலை இல்லாம லயத்துல கிடந்தோம். பெட்டிக்குள்ள வச்சிருந்த காரு, அதுபாட்டுக்கு டுர்ருன்னு துள்ளுச்சு. சுவிட்சை அணைக்க மறந்துட்டாக போல. எனக்கு உசிரே போயிருச்சு. இவுக எந்திரிச்சுப் பாத்துட்டு, 'மச்சான் அமுக்குறாரு'ன்னு சொன்னாக. அன்னைக்குப் பூரா ஒரே சிரிப்பு."

"லயத்துக்குப் பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"பாரஸ்ட் ஆபீசு. மலையாளத்துல எந்நேரமும் ஒயர்லெஸ் மைக்குல பேசிக்கிட்டே கிடப்பாக. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நெசமாச் சொல்லுண்ணே. நீதான அமுக்குன?"

எட்ட, டீக்கடையிலிருந்து மூன்று கிளாஸையும் சிந்தாமல் ஒரே கையில் பிடித்துக்கொண்டு தங்கராசு வந்துகொண்டிருந்தார்.

"ஆமா ஆத்தா" என்றேன். "நான்தான் அமுக்குனேன்."

"நெனச்சேன்" என்றாள். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இனிமே பொழுது சாஞ்ச பெறகு அமுக்குண்ணே. பகல்ல நாங்க ரெண்டு பேரும் காட்டுல இருப்போம்."